808-க்கும் ஸ்ருதி உண்டு

வடசென்னையின் மொட்டைமாடி அறைகளில் நடக்கும் பீட் வேலையைப் பார்க்கப் போனால், இசைக்கருவி என்று கண்ணில் படுவது அதிகமில்லை. ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், முழங்கை நீள மிடி கீபோர்டு, எதிரொலி அடங்கச் சுவரில் தொங்கவிட்ட போர்வை. எஃப்எல் ஸ்டுடியோ திரையில் கட்டம் கட்டமாகக் கிக், ஸ்னேர், ஹை-ஹாட். மியூசிக் தியரி படிக்க வேண்டுமா என்று கேட்டால், "காது இருந்தா போதும்ணா" என்கிறார்கள் இந்தத் தம்பிகள். பாதி சரி. தாளத்தைப் பொறுத்தவரை முழுக்கவே சரி என்பேன். ஹை-ஹாட்டைக் கட்டத்திலிருந்து துளி பின்னால் தள்ளி, லூப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டு, இன்னும் மயிரிழை நகர்த்தி நிறுத்துகிறார்களே, அந்தத் துல்லியத்தை எழுதிக்காட்ட மேற்கத்திய ஸ்வரக்குறிப்பிலேயே சரியான வசதி கிடையாது.

காது தடுமாறும் இடம் வேறு. 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் கிக் ஒலியை நீட்டி, அதையே பேஸ் ஆக்கிக்கொள்வது இன்று எல்லோருக்கும் வழக்கம். நீண்டு ஒலிக்கும் அந்த வாலுக்கு ஒரு ஸ்ருதி உண்டு. செல்போன் ஸ்பீக்கரில் அது கேட்காது. பெரிய பாக்ஸில் போட்டால் குரலோடு மோதுவது தெரியும். "எங்கயோ இடிக்குது" என்று காது சொல்லிவிடும், எங்கே என்று சொல்லாது. பிறகு சாம்பிளை மாற்றுவது, வால்யூமைக் குறைப்பது, ஈக்யூவைத் திருகுவது என்று இரவு போகிறது. அரை ஸ்வரம் இறக்கினால் தீர்ந்துபோகும் சிக்கலாகவே அது பல நேரம் இருக்கிறது. கானா பாடகர் வந்தால் இன்னும் சங்கடம். ஸ்ருதிப்பெட்டி இல்லாமல் பாடிப் பழகிய குரலின் ஆதார ஸ்ருதி, கீபோர்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழக்கூடும். ஆட்டோடியூன் எந்த ஸ்கேல் என்று கேட்கிறது. குத்துமதிப்பாக ஒன்றைத் தட்டினால் பாட்டின் உயிரான இழுப்புகள் எல்லாம் படிக்கட்டாக உடைகின்றன. குரலை நகர்த்துவதா, டிராக்கை நகர்த்துவதா என்று முடிவு செய்ய ஸ்ருதி பற்றிய அறிவு வேண்டும். பீட்டை உருவாக்க இல்லாவிட்டாலும் பழுது பார்க்கத் தியரி வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஜே டில்லாவைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. கட்டத்துக்குள் அடங்காத தாளத்தால் பேர்வாங்கிய டெட்ராய்ட் ஹிப்-ஹாப் பீட்காரர் அவர். அவர் பீட் கட்டிய அக்காய் எம்பிசி 3000 மெஷின் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அவர் தாய் பாடகி, தந்தை ஜாஸ் பேஸ் வாசித்தவர். வீட்டுக்குள்ளேயே கிடைத்ததை வகுப்பில் படிக்காததால் தியரியே இல்லை என்று கணக்கெழுதுவது நியாயமில்லை. அதோடு, பழைய இசைத்தட்டை வெட்டி ஒட்டும்போது ஹார்மனியை வேறு யாரோ முன்பே யோசித்து முடித்திருப்பார்கள். ராப்பர் பிஸ் மார்க்கியின் பாட்டு பற்றிய வழக்கில் 1991-இல் நியூயார்க் நீதிமன்றம் அனுமதியில்லாத சாம்பிளுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகு அந்தச் சலுகைக்கு விலை ஏறியது. சொந்தமாக மெலடி வாசிக்க வேண்டியவருக்கு அந்த யோசனையும் சொந்த வேலையாகிறது.

ஸ்கேலுக்கு வெளியே போகவிடாமல் பூட்டும் வசதிதான் மென்பொருளிலேயே இருக்கிறதே என்பது அடுத்த வாதம். பூட்டலாம், எந்த ஸ்கேலில் பூட்டுவது என்பதை நாம்தானே சொல்ல வேண்டும்? படித்தால் பீட் விறைத்துப்போகும் என்ற பயத்தை அப்படித் தள்ள மாட்டேன். கிரேடு தேர்வுக்குப் படித்தவர்களின் பீட்டில் அந்த விறைப்பைக் கேட்டிருக்கிறேன். ஐந்து கோட்டு நொட்டேஷன் இவர்களுக்கு அநாவசியம். ஸ்வர இடைவெளிகள், மேஜர் மைனர் ஸ்கேல்கள், அவற்றில் பிறக்கும் கார்டுகள், இவ்வளவு போதும். இதை மட்டும் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். கர்நாடக வகுப்பில் சரளி வரிசை மாயாமாளவகௌளையில் தொடங்கும். பீட்காரர்கள் அதிகம் புழங்குவதோ மைனர் ஸ்கேலில், அதாவது நடபைரவியில். அதற்கு அந்தப் பேட்டையிலேயே, சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவரிடம் போவது மேல். பாடுகிறவர் எந்தக் கட்டையில் எடுத்தாலும் வாரந்தோறும் கூடவே பிடித்து வாசிப்பவர் அவர்.