ரெடிங் முதல் பிரிஸ்டல் வரை: வீட்டோடு போகும் நீர்வழி

தென் இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரை ரெடிங்கையும் பிரிஸ்டலையும் இணைக்கும் கென்னட்–ஏவன் கால்வாயின் நீளம் 87 மைல், ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பெயரில்தான் முழுக்கக் கால்வாய். ரெடிங்கிலிருந்து நியூபரி வரை 1723-இல் படகு செல்லச் சீர்செய்யப்பட்ட கென்னட் ஆறு. பாத் நகரிலிருந்து பிரிஸ்டல் வரை 1727-இல் திறக்கப்பட்ட ஏவன் ஆறு. இடையில் ஜான் ரென்னி வடிவமைத்த வெட்டுக் கால்வாய் 1810-இல் முடிந்தது.

இங்கே பலருக்குப் படகே வீடு. பல படகுகளின் அகலம் சுமார் 2 மீட்டர்தான் என்பதால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் ரயில் பெட்டிபோல வரிசையாக அமைந்திருக்கும். குடிநீரைக் கரைக் குழாயில் நிரப்பிக்கொள்ள வேண்டும். கழிவுத்தொட்டியைக் குறித்த இடத்தில்தான் காலிசெய்யலாம். சொந்த நிறுத்துமிடம் இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது என்கிறது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் இவர்களுக்குப் பயணம் பொழுதுபோக்கு மட்டுமல்ல, குடியிருப்பதற்கான நிபந்தனையும்கூட. வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் விறுவிறுவென்று நடப்பவர் முந்திவிடுவார்.

ரெடிங்கில் ஒரு வணிக வளாகத்தின் நடுவே கால்வாய் குறுகுவதால், படகோட்டி பொத்தானை அழுத்திப் பச்சை விளக்குக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு ஏற்றம். வழியெங்கும் 105 லாக்குகள்: இரு முனையிலும் கதவு வைத்த தொட்டிகள். படகை உள்ளே விட்டுக் கதவடைத்து, இரும்புக் கைப்பிடியால் மடை திறந்து, நீர் ஏறும் வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் இது படகில் வருபவர்களே செய்யும் வேலை.

ஒவ்வொரு லாக்கும் இயங்கும்போது உச்சிப் பகுதியின் நீர் கீழே இறங்கிவிடுகிறது. மலைமீது வற்றாத ஆறு இல்லை. இந்தக் கால்வாயின் நிரந்தரத் தலைவலி இதுதான். ஹங்கர்ஃபோர்ட் தாண்டிக் குரோஃப்டனில் நீரேற்றும் நிலையம் வந்தது அதனால்தான். 1812-இல் செய்த அதன் நீராவி இயந்திரம் இன்றும் சில நாட்களில் ஓடுகிறது. அன்றாட வேலையை மின்பம்புகள் பார்த்துக்கொள்கின்றன. அடுத்து 459 மீட்டர் புரூஸ் சுரங்கம். படகை இழுக்கும் குதிரைக்கு அதற்குள் பாதை கிடையாது; அந்நாளில் சுவரில் கட்டிய சங்கிலியைப் பிடித்திழுத்தே படகைக் கடத்தினார்கள்.

வூட்டன் ரிவர்ஸிலிருந்து டிவைசஸ் வரை 15 மைலுக்கு ஒரு லாக்கும் இல்லை. அந்தச் சுகத்துக்கெல்லாம் வட்டி கேன் ஹில்லில் வசூலாகிறது: 2 மைலில் 29 லாக்குகள், அவற்றில் 16 ஒரே நேர்கோட்டில், மொத்த இறக்கம் 72 மீட்டர். இறங்க அரைநாள் போய்விடும். லாக்குகள் நெருக்கமாக இருப்பதால் இடையில் நீர் தேங்க இடமில்லை. ஆகவே பக்கவாட்டில் குளங்களை வெட்டினார் ரென்னி.

லண்டன்–பிரிஸ்டல் ரயில் 1841-இல் வந்தபின் சரக்கு குறைந்தது. 1852-இல் கால்வாய் அந்த ரயில் நிறுவனத்தின் கைக்கே போனது; போட்டியாளனிடம் ஒப்படைத்த சொத்து செழிக்குமா? இருபதாம் நூற்றாண்டில் பல பகுதிகள் படகு போக முடியாதபடி தூர்ந்தன. தன்னார்வலர்களின் நெடுங்கால உழைப்பால் மீண்டு, 1990-இல் எலிசபெத் அரசியால் மறுபடி திறக்கப்பட்டது.

மீண்டும் பயணத்துக்கு வருவோம். பிராட்ஃபோர்டுக்கு மேற்கே ஏவன் பள்ளத்தாக்கு. ஏவன்கிளிஃப், டன்டாஸ் என்னுமிடங்களில் கற்பாலங்கள்மீது ஏறிக் கால்வாய் ஆற்றையே இருமுறை கடக்கிறது. கிளாவர்ட்டனில் ஆற்றின் விசையாலேயே சக்கரம் சுழற்றி ஆற்றுநீரைக் கால்வாய்க்கு ஏற்றும் 1813-ஆம் ஆண்டு அமைப்பு உண்டு. எரிபொருள் செலவே இல்லாத அந்த ஏற்பாடு குரோஃப்டனைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பாத் நகரின் ஆழ லாக்கில் படகு ஏறக்குறைய 6 மீட்டர் இறங்குகிறது; பிறகு ஏவனில் சேர்கிறது. கால்வாய் உரிமம் ஹானம் லாக்கோடு முடிகிறது. அதற்கப்பால் பிரிஸ்டல் துறைமுகத்துக்குள் நுழைந்து தங்க, அங்கே தனிக் கட்டணம் கட்ட வேண்டும்.