எடை 32 கிலோ

போன மாசம் கபடி அணிக்கு ஆள் எடுத்தாங்க. என் எடை 32 கிலோ. "ஒரு பிடிக்குத் தாங்க மாட்ட, போய் உட்காரு"ன்னு ஆட விடாமலே அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அப்புறம்தான் நூலகத்தில் கிரேஸ் ஹாப்பர் பற்றிப் படித்தேன். அவர் அமெரிக்காவில் கணக்கு டீச்சர். இரண்டாம் உலகப் போர் நேரம். 1942 ஜூலையில் அந்நாட்டுக் கடற்படையின் ரிசர்வ், அதாவது துணைப்படையில், பெண்களுக்கென்று ஒரு பிரிவு அமைக்கச் சட்டம் வந்தது. அடுத்த மாதமே நார்தாம்ப்டன் ஊரில் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் பெண் அதிகாரிகளுக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள்.

ஹாப்பருக்கு வயது அதிகம் என்றார்கள். எடையோ விதியைவிட 15 பவுண்டு, ஏறக்குறைய 7 கிலோ குறைவு. அவர் விடவில்லை. சிறப்பு அனுமதி வாங்கிச் சேர்ந்தார். 1944-ல் அவர் வகுப்பில் அவர்தான் முதலிடம்! பிறகு கம்ப்யூட்டர் துறையில் பேர் வாங்கி, ரியர் அட்மிரலாக 1986-ல் ஓய்வு பெற்றார்.

அதே பள்ளியில் கறுப்பினப் பெண்களை 1944 கடைசி வரை சேர்க்கவே இல்லை. அப்புறம் சேர்ந்த ஹாரியட் பிக்கன்ஸ், பிரான்சிஸ் வில்ஸ் இருவரும் அந்த டிசம்பரிலேயே அதிகாரி ஆனார்கள்.

பெண், ஒல்லி, கறுப்பு என்று பார்த்தவுடனே வேண்டாம் என்கிறார்கள். செய்யச் சொல்லிப் பார்த்தால்தானே தெரியும்?

அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது நானும் வரிசையில் நிற்பேன். முதல்ல ஒரு தடவை பாடிட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் எடை பாருங்க.