வழிப்போக்கர் விடுதியும் வன்றொண்டர் மடமும்

நடுநாட்டில் நெடுவழிகள் கூடும் இடங்களுள் உளுந்தூர்பேட்டை ஒன்று. சென்னையினின்றும் திருச்சிராப்பள்ளி நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்த அவ்வூரினின்றே சேலத்துக்குரிய பெருவழி மேற்கே பிரிகின்றது. 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மாவட்டம் தனியே அமைக்கப்பெற்றபோது இவ்வூர் அதனுட்பட்டது. இரவும் பகலும் ஊர்திகள் ஓயாது செல்லும் அவ்வழியின் இருமருங்கும் உண்டியும் உறையுளும் விலைக்குத் தரும் நிலையங்கள் விளங்குகின்றன. ஆயின், சைவ மக்களுக்கு இந்நிலம் வழிகள் கூடும் இடம் மாத்திரம் அன்று. ஆளுடைய நம்பிகள் திருவவதாரஞ் செய்தருளிய திருநாவலூர் இவ்வூர் வட்டத்தில் உள்ளது. இறைவன் அவரைத் தடுத்தாட்கொண்ட திருவெண்ணெய்நல்லூரும், திலகவதியம்மையாரது திருமடம் விளங்கிய திருவதிகையும், மெய்ப்பொருணாயனார் அரசு செலுத்திய திருக்கோவலூரும் இதனைச் சூழவுள்ளன. வழிச்செல்வோர்க்கு உறைவிடம் தருதல் என்னும் அறத்தின் உண்மையை ஆராய்வார்க்கு இதனினும் தக்க இடம் அரிது.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடிச் சுவாதித் திருநாளாகிய நம்பிகளது குருபூசைக்குச் சென்னையிலிருந்து சைவ முதியவர் ஒருவர் திருநாவலூருக்குப் புறப்பட்டனர். பெரிய புராணத்தை நாடோறும் ஓதும் நியமம் உடையவர் அவர். ஆத்திரேலிய நாட்டு மெல்பேர்ண் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் அவர் மகன், தன் மனைவி மக்களோடு விடுமுறைக்கு வந்திருந்தமையின், காரில் அனைவரும் ஒருங்கு சென்றனர். மகன் புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர் காலத்து வீடொன்றைப் புதுக்கி அமைத்த விலையுயர்ந்த விடுதி ஒன்றில் முன்னரே இடம் பதிந்துவைத்திருந்தான். தந்தையாரோ குருபூசைக்கு முந்திய இரவு உளுந்தூர்பேட்டையில் தங்கிப் புலர்காலையில் திருக்கோயிலை அடைதல் வேண்டும் என்றனர். இரண்டும் செய்வதென முடிவாயிற்று.

வழியில் மகன் மெல்பேர்ணில் உள்ள பெருவிடுதிகளின் சிறப்பை எடுத்துரைத்தான். அந்நகரத்தில் 1880களில் எழுந்த கிராண்ட் ஓட்டல் என்னும் மாளிகை ஒன்று உண்டு. இப்போது வின்ட்சர் எனப் பெயர் பெறுவது அது. 1886ஆம் ஆண்டில் மதுவிலக்குக் கொள்கையினராகிய ஜேம்ஸ் மன்றோ என்பவர் வேறொருவருடன் கூடி அதனை வாங்கி, மது விற்கும் உரிமைச் சீட்டைத் தீயிலிட்டு, மாளிகைக்குக் காப்பி மாளிகை என்று பெயரிட்டனர். 1897ஆம் ஆண்டில் பழம்பெயரும் மதுவுரிமையும் மீண்டும் வந்தன. பிற்காலத்தில், 1980 முதல் 2005 வரை, அம்மாளிகை நம் நாட்டு ஓபராய் குழுவினர் கையில் இருந்தது. இச்செய்தியைக் கேட்ட முதியவர் மகிழ்ந்து, "மாளிகை ஒன்றே, கொள்வோர் கருத்துக்கு ஏற்ப அது மதுச்சாலையும் ஆயிற்று, மதுவில்லாச் சாலையும் ஆயிற்று. ஆகவே குற்றம் கட்டடத்தில் இல்லை, தம்பி" என்றனர்.

அந்நகரத்துக்கு வடமேற்கே டேல்ஸ்போர்டு, எப்பர்ன் என்னும் ஊற்றுநீர் ஊர்களில் உள்ள ஓய்வில்லங்களையும் மகன் புகழ்ந்தான். அங்கே ஊற்றுநீரில் ஆடலாம், எண்ணெய் பூசி உடம்பு பிடிப்பார்கள், யோகாசனம் கற்பிப்பார்கள், மௌனமாக இருக்கவும் இடமுண்டு. அலுவலால் நைந்த மனத்துக்கு அவை மருந்து என்றான். முதியவர் அதனை மறுத்திலர். "மருந்துதான். ஆனால் நம் நூல்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படி கூறின. அலகிடுதலும் மெழுகுதலும் அடியார் வேண்டுவனவற்றை முகம் பார்த்துச் செய்தலும் சரியை. அவ்வில்லத்தார் மூன்றாம் படியை விற்கின்றார்கள். முதற்படி அங்கே கூலியாட்கள் செய்யும் வேலை ஆகிவிடுகிறது. அறையைப் பெருக்கினவனை அங்கே தங்கினவன் அறிவானோ?" என்றனர். மகன் சிரித்து, அறியேன் என்று ஒப்புக்கொண்டான்.

அவ்விரவு உளுந்தூர்பேட்டையில் பெருவழியை ஒட்டிய விடுதி ஒன்றில் தங்கினர். இராவுணவுக்குப் பின் முதியவர் தம் பெயரனுக்குச் சித்தவடமடத்து வரலாற்றைச் சொன்னார். திருவதிகைக்கு வந்த நம்பிகள், நாவுக்கரசர் உழவாரத் தொண்டு செய்த திருப்பதியைக் காலால் மிதிக்க அஞ்சி, ஊர்ப்புறத்துள்ள சித்தவடமடத்திலே அடியாரோடு பள்ளிகொண்டனர். இறைவன் முதிய மறையவர் வடிவில் ஒருவரும் அறியாது அம்மடத்துட் புகுந்து, நம்பிகளது முடிமேல் தம் திருவடி படும்படி படுத்தனர். விழித்த நம்பிகள் காரணம் வினவ, தம் மூப்பினால் திசை தெரியவில்லை என்று முதியவர் கூறினர். நம்பிகள் வேறொரு பக்கம் தலைவைத்துப் படுத்தனர். அங்கும் அவ்வடிகள் நீண்டன. பலகாலும் இவ்வாறு நிகழ, 'நீர் யாவர்' என்று நம்பிகள் வினவினர். 'என்னை அறிந்திலையோ' என்று கூறி அம்முதியவர் மறைந்தனர். அரசர் மனையில் மகன்மை கொண்டு வளர்ந்த நம்பிகள், வழிப்போக்கர் மடத்தின் தரையிலே திருவடி தீக்கை பெற்றமை இதனால் அறியலாகும். பெயரன் கதை கேட்டவாறே உறங்கிவிட்டான்.

இரவு பத்து மணிக்கு மேல் மழை பிடித்தது. உறக்கம் வாராத முதியவர் மேன்மாடத்துச் சாளரத்தைத் திறந்து நோக்கினர். கீழே விடுதி வாயிலில் வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் நனைந்த ஆடையுடன் நின்றனர். அம்மூதாட்டி கையில் மஞ்சள் துணிப்பை ஒன்று இருந்தது. கடைசிப் பஸ் போய்விட்டதென்றும், விடியுமளவும் வாயிற்புறத்தில் ஒருபால் இருந்து போவதாகவும் அவர்கள் வேண்டினர். கணக்கர் வாடகை இன்னதென்றார். அவ்வளவு பொருள் அவர்களிடம் இல்லை. "அறை எடுக்காதவர்களை இங்கே உட்காரவிட்டால் என் வேலை போய்விடும், பாட்டி" என்று கணக்கர் சொன்னார். அவர் கடிந்து பேசவில்லை; வருந்தியே சொன்னார். அவர்கள் மறுமொழி கூறாது மழையில் இறங்கிப் பஸ் நிலையம் இருக்கும் திசை நோக்கி நடந்தனர்.

இறங்கிச் சென்று ஓர் அறைக்குரிய பொருளைத் தாமே கொடுக்கலாம் என்னும் எண்ணம் முதியவர்க்குத் தோன்றாமல் இல்லை. யாரோ, எவ்வூராரோ என்னும் ஐயமும், மகன் உறக்கம் கெடும் என்னும் தயக்கமும் உடன் தோன்றின. அறையின் குளிர்ச்சி வெளியேறுகின்றது என்று சாளரத்தை அடைத்துப் படுத்துக்கொண்டனர்.

மறுநாட் புலர்காலையில் திருநாவலூர்த் திருக்கோயிலுள் புகுந்தபோது, திருச்சுற்றில் இருவர் அலகிட்டுக் கொண்டிருந்தனர். தூணருகே மஞ்சள் துணிப்பை இருந்தது. முதியவர் நின்றுவிட்டனர். வழிபாடு முடிந்தபின் அம்மூதாட்டி பையிலிருந்த பொதியை அவிழ்த்துப் புளியோதரையை இலையிலிட்டுப் பெயரன் கையிற் கொடுத்தாள். முதியவர் மெல்ல, "இரவு எங்கே தங்கினீர்கள் அம்மா?" என்று வினவினர்.

"பஸ் நிலையத்தில் இருந்தோம் ஐயா. மழை உள்ளே வரவில்லை, ஒரு குறையும் இல்லை" என்றாள் மூதாட்டி. பின், "நீங்கள் குழந்தையோடு சௌகரியமாகத் தங்கினீர்களா?" என்று கேட்டாள்.

முதியவரால் விடை கூற இயலவில்லை. கோயிலுக்கு வெளியே வந்தபின் மகனிடம் நடந்ததைக் கூறி, "நம்பிகள் அறியாமையால் அத்திருவடிக்கு விலகிப் படுத்தார்கள், ஆயினும் நீர் யார் என்று கேட்டார்கள். அந்தக் கதையைச் சொன்ன வாய் உலர்வதற்குமுன் நான் அதைக்கூடக் கேட்கவில்லை" என்றனர். மகன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின், புதுச்சேரிக்குப் போகவேண்டாமா என்று கேட்டான். "போவோம். மெத்தை என்ன செய்தது? சாளரத்தை அடைத்தது என் கை" என்றனர் முதியவர். அன்றிரவு அவர்கள் புதுச்சேரி விடுதியிலேயே தங்கினர்.

இந்நிகழ்ச்சியிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. இன்பப் பொருள்களை வழங்கும் பெருவிடுதிகளைப் பழித்தல் எளிது. அதனாற் சைவத்துக்கு ஆக்கம் ஒன்றுமில்லை. விலை கொடுத்தார்க்கு விலைக்கேற்ற நலஞ்செய்தல் வாணிகத்தின் முறை; அதனை நேர்மையாகச் செய்வோர் தம் கடமையைச் செய்தவராவர். விலை கொடுக்கமாட்டாதாரை ஏற்றல் அறத்தின் முறை. அதனைச் செய்யவேண்டுவோர் எங்கே என்பதே கேட்கத்தக்க வினா.

முன்னாளில் இவ்விரண்டும் வெவ்வேறாக விளங்கின. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் தம் சத்திரங்களைக் குறித்து 1801ஆம் ஆண்டில் கும்பினியாருடைய ரெசிடெண்டுக்குக் கடிதம் எழுதினர். எக்குலத்து வழிப்போக்கர்க்கும் அவற்றில் சோறு கிடைத்தமையும், சமைத்த சோறு உண்ணாதார்க்கு அரிசி முதலியன அளிக்கப்பெற்றமையும், நோயுற்றார்க்கு மருத்துவரும் தாய்தந்தையற்ற குழந்தைகட்குப் பாலும் கருவுற்ற மகளிர்க்குப் பேறுகால உதவியும் இருந்தமையும் அதனால் தெரிகின்றன. அம்மன்னர் காலத்து எழுந்த முத்தாம்பாள் சத்திரத்தின் கட்டடம் ஒரத்தநாட்டில் உள்ளது. இந்நாளைய அரசாங்கத்தார்தாமும் இவ்வேறுபாட்டை மறந்திலர். பொதுமக்கள் வழிபடும் கோயில் வளாகத்தில் அறநிலையத்தார் நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க்குக் குறைந்த வாடகையில் அளிக்கும் அறைக்குச் சரக்கு சேவை வரி இல்லை. 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட விடுதியறைக்கு நூற்றுக்குப் பதினெட்டு வரி உண்டு. எது அறம், எது வாணிகம் என்பதை வரிச்சட்டம் அறிந்திருக்க, அடியார் திருக்கூட்டத்தார் மறத்தல் தகுமோ?

இனி, யாரென்று அறியாதவரை இரவிற் புகவிடுதல் இடரன்றோ எனின், இடரே. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. அந்நிலத்திலேயே திருக்கோவலூரில் மெய்ப்பொருணாயனாரது வாயில் திருவேடத்தார்க்கு என்றும் திறந்திருந்தது. அவ்வாயில் வழியாகவே முத்தநாதன் ஏட்டில் மறைத்த படையுடன் புகுந்து அவரைக் குத்தினான். நாயனாரோ வீழும்போதும் அவனுக்குத் தீங்கு நேராது ஊர்ப்புறம் கொண்டுபோய் விடும்படி காவலனாகிய தத்தனை ஏவி, அச்செய்தி கேட்கும்வரை உயிர்தாங்கியிருந்தனர். அத்துணைப் பெருஞ்செயல் எல்லார்க்கும் இயல்வதன்று. யாரும் அதனை வேண்டுவதும் இல்லை. ஆயின், உயிரையே கொடுத்தார் வரலாற்றைப் படிப்போர், ஓர் இரவின் உறக்கத்தையும் ஓர் அறையின் வாடகையையும் கொடுக்க அஞ்சுதல் எவ்வாறு பொருந்தும்? மழையில் வந்த அடியார்க்கு, விதைத்த நெல்லை வாரிக்கொணர்ந்து அமுதாக்கிய இளையான்குடிமாறர் செல்வரல்லர். வறுமையுற்ற காலத்தே அது செய்தனர். திங்களூரில் நாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தர் வைத்த அப்பூதியடிகள், அப்பந்தரில் நீர் உண்பவர் இன்னார் என்று கேட்டு வைத்தாரல்லர்; ஆகலினன்றோ அந்நிழலில் நாவுக்கரசரே ஒருநாள் வந்து நின்றனர்.

ஆகவே, மாளிகை எடுத்தல் வேண்டா. குருபூசை நாளின் முன்னிரவில், தலங்களை அடுத்த ஊர்களில் வாழும் சைவ அன்பர்கள் ஒரு கூடத்தில் விளக்கேற்றி, சில பாய்களும் ஒரு குடம் நீரும் வைத்தால் போதும். அதுவே மகேசுர பூசையின் தொடக்கம்; யோகத்துக்கு ஏறும் முதற்படியும் அதுவே.

அம்முதியவர் மறு ஆடிச் சுவாதிக்கும் உளுந்தூர்பேட்டைக்குச் சென்றனர். அதே விடுதியில் தமக்குரிய அறையேயன்றி வேறும் ஓர் அறைக்கு வாடகை செலுத்தி, அதன் திறவுகோலைக் கணக்கரிடமே கொடுத்து, பஸ் தவறியவர் எவர் வரினும் அளிக்கும்படி சொன்னார். "யார் வந்தால், ஐயா?" என்று கணக்கர் ஐயுற்றுக் கேட்டார். "யாராயினும்" என்றனர் முதியவர். அவ்வாண்டு ஒருவரும் வரவில்லை. அறை பூட்டியபடியே இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டில், நள்ளிரவுக்குப் பின், காய்ச்சலால் நடுங்கிய லாரிப் பையன் ஒருவனுக்குக் கணக்கர் தாமே அதனைத் திறந்துவிட்டார். விடிந்தபின்னரே முதியவர் அதனை அறிந்தனர்.

திருச்சிற்றம்பலம்.