பட்டறையில் ஒரு ஸ்டூல்

என் தம்பிக்கு மெக்கானிக் வேலையை யாரும் உட்காரவைத்துக் கற்றுத்தரவில்லை. உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையோரப் பட்டறை ஒன்றுக்குப் பள்ளி விட்டதும் போய்விடுவான். டீ வாங்கி வருவான், கேட்ட ஸ்பேனரை எடுத்து நீட்டுவான், செயினை மண்ணெண்ணெயில் கழுவுவான். ஐந்து வருடம் இப்படி. பதினேழு வயதில் ஆர்எக்ஸ் 100 இன்ஜினைத் தனியாகப் பிரித்துப் பூட்டினான். அந்த ஐந்து வருடமும் நான் அதே பட்டறையைத் தாண்டித்தான் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனேன். அந்த இடம் வந்தால் நடையை எட்டிப் போட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார்.

இப்போது நான் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன், கவிதை எழுதுகிறேன். அந்தப் பட்டறையை மறுபடி நினைக்க வைத்தவள் என் மாணவி ஒருத்தி. கல்வராயன் மலை அடிவாரத்து ஊர்க்காரி. இரண்டு கோடை விடுமுறையில் துணிக்கடையில் நின்று சேர்த்த பணத்தில், பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பழைய அப்பாச்சி 160 ஒன்றை வாங்கினாள். அதைச் சரிசெய்து, பழகி, பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, உரிமம் எடுத்து இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் ஓட்ட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, “மேம், சிரிக்காதீங்க” என்றாள்.

சிரிக்க எதுவும் இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் வளர்ந்த விளையாட்டு இது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது: சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். பெரிய இன்ஜின், வளைவில் இழந்த வேகத்தை நேர்ப்பாதையில் மீட்டுவிடும். 160 சிசியில் போன வேகம் லேசில் திரும்பாது. பிரேக்கைச் சிக்கனமாகப் பிடித்து, இருக்கிற வேகத்தைச் சிந்தாமல் வளைவுக்குள் எடுத்துப்போக வேண்டும். மாதக் கடைசியில் குடும்பம் நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

வண்டியைத் தயார்செய்வதில் பாதி, கழற்றுகிற வேலை. முகப்பு விளக்கு, கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்டு எல்லாம் போகும். ஆயில் போல்ட்டில் துளை போட்டுக் கம்பி கட்ட வேண்டும். அது கழன்று தடத்தில் ஆயில் கொட்டினால் பின்னால் வருகிறவர் உயிருக்கு ஆபத்து. தேய்ந்த சிலிண்டரை லேத்தில் ரீபோர் செய்து புது பிஸ்டன் போட வேண்டும். டேப்பட் இடைவெளி, கார்புரேட்டர் ஜெட், ஸ்பிராக்கெட்டின் பல் கணக்கு என்று மிச்சமெல்லாம் பொறுமையின் வேலை. முழு வேகத்தில் ஓட்டி நிறுத்தியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் சூடேறுகிறது. இளம்பழுப்பாக இருந்தால் சரி. சுவடி படிப்பவர்களைப் போல அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படிக்கிறார்கள்.

என் மாணவியின் எடை 45 கிலோ. பெண் பார்க்க வந்தவர்கள் “எலும்பும் தோலுமா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போன உடம்பு. சின்ன இன்ஜினுக்கு அந்த உடம்பு வரம். அந்த வரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1962இல் இங்கிலாந்தின் பெரில் ஸ்வைன், ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் தனி வண்டி ஓட்டிய முதல் பெண் ஆனார். ஓட்டியது 50 சிசி இட்டோம். எங்கள் அப்பா மல்லாட்டை மூட்டை ஏற்றி வந்த டிவிஎஸ் 50இன் அதே அளவு இன்ஜின். அறுபது கிலோமீட்டர் மலைச் சுற்றை இரண்டு முறை ஓட்டினார். இரண்டாம் சுற்றில் டாப் கியர் போய்விட்டது. அப்படியும் 22ஆவதாக முடித்தார். அதன்பின் ஓட்டுபவருக்குக் குறைந்தபட்ச எடை என்றொரு விதி வந்தது. அவர் எடை அதற்குக் குறைவு. சர்வதேச உரிமம் பறிபோனது. இன்னொரு பெண் அங்கே தனி வண்டியில் ஓட்ட 1978 ஆக வேண்டியிருந்தது. நம் உடம்பு குறை என்றால் கல்யாணச் சந்தையில் தள்ளுபடி. அனுகூலம் என்றால் அதற்கொரு விதி.

இன்று கதவு அப்படி மூடியில்லை. நம் தேசிய சாம்பியன்ஷிப்பில் 165 சிசி வண்டிகளுடன் பெண்களுக்கான பிரிவு நடந்திருக்கிறது. அதற்குப் பெயர் ‘கேர்ள்ஸ்’. முப்பது வயதானாலும் அங்கே கேர்ள்தான். நிறுவனங்கள் ஒரே மாதிரி வண்டிகளைத் தயார்செய்து தரும் பந்தயங்களிலும் பெண்கள் ஓட்டுகிறார்கள். பெங்களூரு ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றார். சென்னை அலிஷா அப்துல்லாவின் தந்தை ஆர்.ஏ. அப்துல்லாவே பெயர்பெற்ற பந்தய வீரர். அப்படியோர் அப்பா இல்லாதவள் எங்கே போய்க் கற்றுக்கொள்வாள்? வண்டி நம் காலடியில் இருக்கிறது. ஸ்பேனர் யார் கையில் இருக்கிறது?

ஸ்பேனர் பிடித்த பெண் என்ன செய்வாள் என்பதற்கு பியாட்ரிஸ் ஷில்லிங் இருக்கிறார். பிரிட்டிஷ் பொறியாளர். 1934இல் புரூக்லண்ட்ஸ் தடத்தில் தன் நார்ட்டனை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கினார். போரின்போது, பிரிட்டிஷ் போர் விமானங்கள் மூக்கைச் சட்டெனக் கீழே சாய்த்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பி இன்ஜின் திணறியது. 1941இல் அவர் கொடுத்த தீர்வு, துளையிட்ட ஒரு சின்ன உலோக வளையம். எளிதாகப் பொருத்திவிடலாம். கார்புரேட்டரைக் கையால் அறிந்தவரின் தீர்வு அது.

என் மாணவி ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறாள். பிஸ்டன் செட், ரீபோர் கூலி, கிளட்ச் பிளேட், டயர். ஹெல்மெட்டிலும் தோல் உடையிலும் சிக்கனம் கூடாது என்று சிவப்பில் எழுதியிருக்கிறாள். குறைந்த செலவில் பந்தய வண்டி கட்டினேன் என்று பெருமை பேசும் ஆண்களின் கணக்கும் இப்படித்தான் இருக்கும். அதில் பட்டறை ஸ்டூலுக்கு வாடகை இருக்காது. ஐந்து வருடம் இலவசமாகக் கிடைத்த படிப்பு இருக்காது. கிரீஸ் சட்டையை ஊறவைத்துத் துவைத்தவளின் கூலியும் இருக்காது. என் தம்பியின் சட்டைகளை நான்தான் துவைத்தேன்.

அவளுக்காகப் பட்டறைக்காரரிடம் பேசினேன். “புள்ளய இங்க உக்கார வச்சா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க டீச்சர். வண்டிய உங்க வூட்டாண்ட கொண்டாந்து போட்டுடறேன்” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். என் வீட்டு வாசலில் செய்தித்தாள் விரித்து மூன்று வாரம் இன்ஜினைப் பிரித்தாள். பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்: “மேம், இங்க ஒரே வண்டிதான் இருக்கு. அங்க ஒரு நாளைக்குப் பத்து வண்டி வருது. பத்துக்கும் பத்து கோளாறு.”

அது சரியான பேச்சு. சனிக்கிழமைகளில் அவளோடு நானும் பட்டறைக்குப் போகத் தொடங்கினேன், விடைத்தாள் கட்டோடு. முதல் வாரம் பையன்கள் வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம் டேப்பட் இடைவெளியை எப்படிப் பார்ப்பது என்று ஒருவன் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நான்காவது வாரம் அவள் அண்ணன் கல்லூரிக்கே வந்துவிட்டார். “கை இப்படி கருத்துப் போனா எவன் மேடம் கட்டுவான்?” என்று என்னைக் கேட்டார். கடைசிப் பருவத் தேர்வு வரைக்கும் அவகாசம் கொடுத்திருக்கிறார். சிலிண்டர் இன்னும் லேத்தில் இருக்கிறது. உரிமத்துக்கான பணத்தில் பாதிகூடச் சேரவில்லை. அவள் தடத்தில் இறங்குவாளா, அதற்குள் கல்யாணம் பேசிவிடுவார்களா என்பது எனக்கே தெரியவில்லை.

2018இல் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்கப் பாதி விலை வரை மானியம் கொடுத்தது. நம் ஊர்ச் சாலைகளில் இன்று எவ்வளவு பெண்கள்! சர்வீஸ் என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு, மாலையில் வந்து கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். அடுத்த முறை அப்படி விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்காருங்கள். பிளக்கைக் கழற்றினால் வாங்கிப் பாருங்கள். என்ன நிறம் என்று கேளுங்கள். நாலு பெண்கள் உட்கார்ந்த பட்டறையில், ஐந்தாவதாக வரும் சின்னப் பெண்ணை ஊர் அவ்வளவாகப் பேசாது.