பூட்டும் நம்பிக்கையும்

பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவில் நின்று வடக்கே பார்த்தால் புலாவ் உபின் தீவு தெரியும். அந்தத் தீவுக்கு அப்பால், நீரிணையின் மறுகரையில், ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங் நகரம் இருக்கிறது. மலாய் மொழியில் ‘பாசிர்’ என்றால் மணல். பெயரில் ஒன்றுபடும் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே இன்னோர் உறவும் உண்டு. 1986ஆம் ஆண்டு பாசிர் கூடாங்கில் ஒரு கார்ப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. வேகத்தில் ஆர்வம் கொண்ட சிங்கப்பூரர்கள் பலர் எல்லையைக் கடந்து அங்கே சென்று தங்கள் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டிப் பழகினார்கள். 1999ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குத் தெற்கே செப்பாங் தடம் திறக்கப்பட்ட பிறகு, அவர்களுடைய பயணம் இன்னும் நீண்டது. செப்பாங் தடத்தை ஒருமுறை சுற்றி வந்தால் 5.543 கிலோமீட்டர் ஆகும்.

சிங்கப்பூரில் பந்தயம் நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 1961ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டு வரை, அப்பர் தாம்சன் சாலையில் பொதுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுப் பந்தயம் நடத்தினார்கள். 2008ஆம் ஆண்டு முதல் மரினா பே வட்டாரத்தில் நடைபெறும் இரவு நேரப் பந்தயத்தை உலகமே பார்க்கிறது. ஆனால், அது உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களுக்கான போட்டி. சாதாரண ஆர்வலர்கள் ஓட்டுவதற்கென்று, பாசிர் ரிஸ்ஸுக்கு அருகிலுள்ள சாங்கியில் ஒரு தடம் அமைக்க 2010ஆம் ஆண்டு வாக்கில் திட்டமிட்டார்கள். அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. ஆகவே, பொழுதுபோக்குக்காகப் பந்தயம் ஓட்டுபவர்களின் பயணம் இன்றும் சோதனைச்சாவடியைக் கடந்துதான் செல்கிறது.

இவர்கள் யார்? வார நாள்களில் அலுவலகத்திலோ பட்டறையிலோ பள்ளியிலோ வேலை செய்பவர்கள். சொந்தப் பணத்தைச் சேர்த்து டயர் வாங்குபவர்கள். தொழில்முறைப் பந்தயக் குழுவில் ஒருவர் சக்கரத்தைக் கழற்றுவார். மற்றொருவர் பொருள்களைக் கணக்கெடுப்பார். வாயிலில் காவலர் நிற்பார். பொழுதுபோக்கு ஓட்டுநருக்கு அத்தகைய வசதி இல்லை. ஓட்டுநர், பழுதுபார்ப்பவர், காவலர் எல்லாம் அவர் ஒருவரே. உடன் ஒரு நண்பர் வந்தால் அது அவருடைய நல்ல காலம்.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து விடியற்காலையில் புறப்படும் அப்படிப்பட்ட ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தடத்தை அடைந்ததும் அவர் காரை ஒரு திறந்த முற்றத்தில் நிறுத்துகிறார். பந்தயக்காரர்கள் அந்த இடத்தைப் ‘பேடாக்’ என்று அழைப்பார்கள். பிறகு காரிலிருந்து பொருள்களை இறக்கத் தொடங்குகிறார். மாற்றுச் சக்கரம், ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி, கால்மிதி, தண்ணீர்ப் புட்டி, பை என ஒன்றுவிடாமல் வெளியே எடுத்து வைக்கிறார். இதற்கு ஒரு காரணம் உண்டு. கார் மிக வேகமாகச் சென்று திடீரென்று நிற்கும்போது, உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் எதுவாக இருந்தாலும் அது முன்னோக்கிப் பாயும். ஒரு தண்ணீர்ப் புட்டி உருண்டு வந்து பிரேக் மிதியின் அடியில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகையால், காருக்குள் தளர்வாக எதுவும் இருக்கக்கூடாது என்பது எல்லாத் தடங்களிலும் பின்பற்றப்படும் பாதுகாப்பு நடைமுறை.

இங்குதான் சிக்கல் பிறக்கிறது. உயிரைக் காக்கும் அதே நடைமுறை, உடைமையைத் திறந்தவெளியில் நிறுத்திவிடுகிறது. ஓட்டுநர் தடத்திற்குள் நுழைந்துவிட்டால் அடுத்த பதினைந்து இருபது நிமிடங்களுக்கு அவரால் தம் பொருள்களைப் பார்க்க முடியாது. அவர் கண் முழுவதும் வளைவின்மீது இருக்க வேண்டும். பல மாதச் சேமிப்பில் வாங்கிய கருவிகள் தரையில் கிடக்கும். பையில் பணமும் கைப்பேசியும் வீட்டுச் சாவியும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கடப்பிதழ் இருக்கும். பணம் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். கடப்பிதழ் போனால் அன்றிரவு வீடு திரும்ப முடியாது. காவல் நிலையத்தில் புகார் செய்து, சிங்கப்பூர்த் தூதரக அலுவலகத்தை நாடி, பயண ஆவணம் பெற்ற பிறகே எல்லையைக் கடக்க முடியும்.

இவ்வளவு இருந்தும் பெரும்பாலோர் தங்கள் பொருள்களை விட்டுவிட்டுத்தான் தடத்திற்குள் செல்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரிடம், “அண்ணே, கொஞ்சம் பார்த்துக்குங்க,” என்று ஒரு வார்த்தை சொல்கிறார்கள். அவர் தலையசைக்கிறார். அவருடைய முழுப் பெயர்கூட இவருக்குத் தெரியாது. இன்னும் சிறிது நேரத்தில் அவர் தடத்திற்குள் போவார். அப்போது அவருடைய பொருள்களுக்கு இவர் காவல். முன்பின் அறியாத இருவர், ஒரு தலையசைப்பை மட்டுமே நம்பிப் பல நூறு வெள்ளி பெறுமானமுள்ள பொருள்களை ஒருவரிடம் ஒருவர் ஒப்படைக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை வெறும் காவலோடு நிற்பதில்லை. ஒருவருடைய காரில் ஒரு திருகாணி உடைந்துவிட்டால், போட்டியாளரே தம் பெட்டியைத் திறந்து மாற்றுத் திருகாணி தருவது இந்த வட்டத்தில் சாதாரணம். சக்கரத்தின் மரைகளைச் சரியான அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ஸ்பேனர் போன்ற கருவிகள் ஒரு நாளில் பல கைகள் மாறும். தம்மை முந்தப் போகிறவருக்கே ஏன் உதவ வேண்டும்? எதிரில் ஆள் இல்லாமல் வெல்வது வெற்றியாகாது என்பது ஒரு காரணம். இன்று அவருக்கு உடைந்தது நாளை தமக்கும் உடையலாம் என்பது மற்றொரு காரணம். சென்னைக்கு அருகே சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுபாதையில் பந்தயங்கள் நடந்த காலம் ஒன்று உண்டு. பந்தயத்திற்கென்று கட்டப்படாத அத்தகைய இடங்களில், அடுத்தவரின் கருவிப்பெட்டி ஓட்டுநருக்குப் பெரிய துணை.

எனினும், நம்பிக்கை நிலவும் இடத்தைத்தான் திருடனும் தேடுகிறான். பூட்டிய வீட்டைவிடத் திறந்த முற்றம் அவனுக்கு எளிது. பந்தய நாளில் ஓட்டுநர்கள், அவர்களுடைய நண்பர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள், பொருள் விற்பவர்கள் எனப் பலரும் பேடாக்கில் நடமாடுவார்கள். கையில் ஒரு ஸ்பேனரோடு நடக்கும் ஒருவரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். எல்லாரும் ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடும் இடத்தில், எது எடுத்துச் செல்வது, எது திருடிச் செல்வது என்று பிரித்தறிவது கடினம்.

வெளியாள் மட்டுமே திருடுவான் என்று எண்ணுவதும் தவறு. 2007ஆம் ஆண்டு, உலகின் மிகப் பெரிய கார்ப் பந்தயத்தையே உலுக்கிய ஒரு நிகழ்ச்சி அதற்குச் சான்று. ஃபெராரி குழுவின் தொழில்நுட்ப இரகசியங்கள் அடங்கிய, 780 பக்கங்கள் கொண்ட ஆவணங்கள் போட்டிக் குழுவான மெக்லாரனின் தலைமை வடிவமைப்பாளர் ஒருவரிடம் இருப்பது தெரியவந்தது. எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. எந்தச் சுவரும் துளைக்கப்படவில்லை. ஆவணங்கள் உள்ளே பணியாற்றிய ஒருவர் வழியாகவே வெளியேறியிருந்தன. மெக்லாரன் குழுவுக்கு 100 மில்லியன் அமெரிக்க டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த ஆண்டுக்கான குழுப் புள்ளிகளையும் அது இழந்தது. உண்மை வெளிவந்த விதம் வியப்பானது. இங்கிலாந்தில் உள்ள ஒரு நகலெடுக்கும் கடைக்கு அந்த ஆவணங்கள் வந்தபோது, அங்கே வேலை செய்த ஒருவர் அவற்றைப் பார்த்து ஐயமுற்று ஃபெராரி நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பினார். எத்தனையோ காவல் ஏற்பாடுகள் செய்யத் தவறியதை ஒரு சாதாரண ஊழியரின் நேர்மை செய்தது.

திருட்டினால் ஏற்படும் இழப்பு பொருளோடு முடிந்துவிடுவதில்லை. மாலையில் ஒருவருடைய டார்க் ஸ்பேனரைக் காணவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். முதல் முறையாக வந்திருக்கும் ஓர் இளைஞன்மீது கண் விழுகிறது. யாரும் வாய்திறந்து எதுவும் சொல்வதில்லை. ஆனால், அவனோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் சற்று விலகி நிற்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து, காலையில் அதை இரவல் வாங்கிய நண்பரின் பெட்டிக்குள்ளேயே அந்த ஸ்பேனர் கிடைக்கிறது. பொருள் உரியவரிடம் திரும்பிவிட்டது. அந்த இளைஞன் அடுத்த மாதம் திரும்பி வருவானா? திருட்டே நடக்காத இடத்தில்கூடச் சந்தேகம் ஒருவரைத் துரத்திவிடும்.

இந்தச் சிக்கலைத் திருவள்ளுவர் நன்கு அறிந்திருந்தார். ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு அவர்மீது ஐயப்படுவதும் தீராத துன்பத்தைத் தரும் என்கிறார். கண்ணை மூடிக்கொண்டு நம்புவது ஒரு தவறு. எல்லாரையும் எப்போதும் சந்தேகிப்பது மற்றொரு தவறு. இரண்டுக்கும் நடுவே நடப்பதற்குத்தான் அறிவு வேண்டும்.

சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இந்த நடுவழி சற்றுக் கடினமாகத் தோன்றலாம். உணவங்காடி நிலையத்தில் ஒரு கைத்தாள் பொட்டலத்தை மேசைமீது வைத்துவிட்டு உணவு வாங்கச் செல்வது இங்கே வழக்கம். சிலர் பையையே வைத்துவிட்டுப் போவதுண்டு. திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கும் என்ற உறுதி பலருக்கு இயல்பாகிவிட்டது. இந்த நிலை தானாக வந்ததன்று. சட்டமும் காவலும் மக்களின் ஒத்துழைப்பும் சேர்ந்து உருவாக்கியது. திருட்டுக் குற்றத்திற்கு இங்கே 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். மோட்டார் வாகனத்தையோ அதன் உதிரிப்பாகத்தையோ திருடினால், அது 7 ஆண்டுகள் வரை நீளலாம். 1981ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தேசியக் குற்றத் தடுப்பு மன்றம் பொதுமக்களிடையே விழிப்புணர்வை வளர்த்து வருகிறது. குற்றம் குறைவாக இருப்பதால் குற்றமே இல்லை என்று பொருளாகாது என்பது சிங்கப்பூரர்கள் பலமுறை கேட்டுப் பழகிய அறிவுரை. பாசிர் ரிஸ் பூங்காவில் சைக்கிளை நிறுத்துபவர் அதைப் பூட்டிவிட்டுச் செல்வதும் அதனால்தான்.

அனுபவமிக்க ஓட்டுநர்கள் சில எளிய பழக்கங்களைக் கடைப்பிடிக்கிறார்கள். தம் கருவிகள் ஒவ்வொன்றிலும் ஒரே நிறத்தில் ஒட்டுநாடா சுற்றி வைப்பார்கள். கருவி வேறொருவர் பெட்டிக்குள் போனாலும், அது யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். பெட்டிக்குள் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம் அமைப்பார்கள். எந்தப் பள்ளம் காலியாக இருக்கிறதோ அந்தக் கருவி இன்னும் திரும்பவில்லை என்று பொருள். இரவல் கொடுக்கும்போது யாருக்குக் கொடுத்தோம் என்பதைக் குறித்து வைப்பார்கள். விலையுயர்ந்த பொருள்களின் வரிசை எண்களைப் படமெடுத்து வைப்பார்கள். கடப்பிதழையும் பணத்தையும் திறந்தவெளியில் விடாமல், தடத்திற்குள் போகாத நண்பரிடம் ஒப்படைப்பார்கள். நண்பர்கள் சிலர் சேர்ந்து வந்தால், ஒரே நேரத்தில் எல்லாரும் ஓட்டச் செல்லாமல் முறைவைத்துக் காவல் இருப்பார்கள்.

இவற்றைப் பார்க்கும் புதியவருக்கு, “இவர்கள் யாரையும் நம்புவதில்லையோ?” என்று தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. நிற நாடா சுற்றிய ஸ்பேனரைத் தயங்காமல் இரவல் கொடுக்கலாம். அது வழிதவறினாலும் திரும்பி வந்துவிடும். குறித்து வைத்துக் கொடுத்த பொருளைப் பற்றி மாலையில் யாரையும் முறைத்துப் பார்க்கத் தேவையில்லை. பூட்டிய பெட்டிக்கு அருகில் நிற்கும் அந்நியன்மீது வீண்பழி விழாது. பொருளுக்குப் போடும் பூட்டு, பக்கத்தில் நிற்பவரின் நற்பெயருக்கும் காவலாகிறது.

பள்ளி மாணவர்களின் வாழ்க்கையிலும் இதற்கு இடமுண்டு. விளையாட்டுத் திடலில் குவித்து வைக்கப்படும் பைகள், முகாமில் பகிர்ந்துகொள்ளும் அறை, இணைப்பாட நடவடிக்கையில் பொதுவாகப் பயன்படும் கருவிகள் ஆகியவை எல்லாம் சிறு பேடாக்குகளே. பணப்பையை எங்கும் போட்டுவிட்டுப் பிறகு தோழனைச் சந்தேகிப்பவர் அவனுக்கு இருமுறை தீங்கு செய்கிறார். முதலில் அவன் பெயரைத் தம் கவனக்குறைவுக்குப் பணயம் வைக்கிறார். பின்பு அந்தப் பெயரைக் கெடுக்கிறார். தம் பொருளைக் கவனமாக வைத்துக்கொள்பவரோ, கேட்பவருக்கு முகம் மலர்ந்து இரவல் தர முடியும். அடுத்தவர், “கொஞ்சம் பார்த்துக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போகும்போது, அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் அவரால் முடியும்.