குடியம் குகையைத் தேடிப் போனோம்... "வழி தெரியலைடா" என்று சொல்ல ஒண்ணேகால் மணி நேரம் ஆனது!

திருவேற்காட்டிலிருந்து பைக்கில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய மலையில் யாராவது வழி தவறுவார்களா? நாங்கள் தவறினோம்.

திருவள்ளூரைத் தாண்டி, பூண்டி ஏரியையும் தாண்டினால் அல்லிக்குழி மலை. அந்தக் காட்டுக்குள் இருக்கிறது குடியம் குகை. பழைய கற்கால மனிதர்கள் நடமாடிய இடம். பக்கத்திலிருக்கும் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 'நம்ம மாவட்டத்துலயே இப்படி ஒரு இடமா!' என்று, படிப்பு முடிந்த வருட மார்கழியில் நண்பர்கள் ஐந்து பேர் கிளம்பினோம்.

வனத்துறை அனுமதி வாங்கவில்லை. அது முதல் தப்பு. ஊருக்குள் ஒருவர், "மழை பேஞ்சு பொதர் மண்டிக் கிடக்குது. கூட ஆள் கூட்டினு போங்கப்பா" என்றார். "மேப் இருக்குண்ணா" என்றேன் நான். அது இரண்டாவது தப்பு.

மலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால், பார்க்கிற இடமெல்லாம் ஒரே முட்புதர், ஒரே கூழாங்கற்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு புல் வேறு இடுப்பளவு நின்றது. போதாததற்கு ஆடுகள் போட்ட ஒற்றையடித் தடங்கள். எல்லாமே பாதை மாதிரிதான் தெரியும். கொஞ்ச தூரம் போனதும் ஒரு புதருக்குள் முடிந்துவிடும். போனில் சிக்னல் போய்விட்டது. மேப்பில் வெறும் பச்சைக்கு நடுவே ஒரு நீலப்புள்ளி மட்டும் நின்றது.

ஒன்பது மணிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, வழி மாறிவிட்டோம் என்று. ஆனால், வாயைத் திறக்கவில்லை. "இந்தப் பக்கம்தான் மச்சான்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தேன். காய்ந்த ஓடை ஒன்றில் இறங்கினால் ஏரிப்பக்கம் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அது பாறைச் சரிவில் கொண்டுபோய் விட்டது.

அப்போதுதான் பின்னால் வந்த நண்பன் உட்கார்ந்தான். அவனுக்கு வீசிங் உண்டு. பனியும் புல்தூசியும் சேர்ந்து மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. "இன்ஹேலர் எங்கடா?" என்றோம். "பைக்ல... சீக்கிரம் திரும்பிடலாம்னு நெனச்சேன்" என்றான். ஐந்து பேருக்கு அரை பாட்டில் தண்ணீர்தான் மிச்சம்.

மணி பத்தேகால். "வழி தெரியலைடா. ரொம்ப நேரமாவே தெரியலை" என்றேன்.

யாரும் திட்டவில்லை. அவனை நிழலில் சாய்ந்து உட்காரவைத்து, தண்ணீரைக் கொடுத்தோம். எங்கேயும் நகராமல் மாற்றி மாற்றிக் கத்தினோம். கொஞ்ச நேரத்தில் ஆடுகளோடு ஒரு தாத்தா மேலே வந்தார். "குகை அந்தாண்ட கீது, நீங்க இந்தாண்ட வந்துட்டீங்க" என்றவர், நண்பனைப் பார்த்ததும் வேறெதுவும் பேசாமல் முன்னால் நடந்தார். அவன் நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். இருபது நிமிடத்தில் பாதை வந்துவிட்டது. பிரியும்போதுதான் கேட்டார்: "காலையிலேர்ந்து கீழதானே மேச்சினு இருந்தேன். முன்னாடியே ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?"

அன்றைக்கு நாங்கள் குகையைப் பார்க்கவில்லை.

குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது தமிழக அரசு. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 40 பாதைகளோடு தொடங்கியது. அதில் குடியமும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்துவிட்டால், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார்.

அப்படித்தான் இரண்டாவது முறை போனோம். தலைக்கு மேல் குடை மாதிரி நீண்டு நிற்கிறது பாறை. கடலை மிட்டாயில் கடலை பதிந்த மாதிரி அதில் உருண்டைக் கற்கள் பதிந்திருக்கின்றன. எத்தனையோ ஆயிரம் வருடங்களுக்கு முன்பு இதே நிழலில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தபோது சிலிர்த்தது.

மலைக்குப் போகிறீர்களா? தண்ணீர், விசில், மருந்து மூன்றும் பையில் இருக்கட்டும். வழி மாறியதாகச் சந்தேகம் வந்த நிமிடமே நின்று, கூட வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள். கடைசியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்ப முடிந்தால் திரும்புங்கள். முடியாவிட்டால் அங்கேயே நின்று குரல் கொடுங்கள்.

இரண்டாவது முறை அந்த நண்பனும் வந்திருந்தான். பைக்கிலிருந்து இறங்கியதும் அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். "இருக்குடா... நட" என்றான்.