உலக்கை இல்லை, மட்டை!

எங்கள் வீட்டு மாடி அறையில் ஏழு கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. ஊரிலிருந்து சின்சினாட்டி வந்த மாமியார், "என்னடி இது, இத்தனை உலக்கை?" என்றார். "உலக்கை இல்லே அத்தை, பேஸ்பால் மட்டை" என்று விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

கடையில் விற்கும் புது மட்டை என்னவருக்கு வேண்டாம். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் நிஜமாக ஆட்டத்தில் பிடித்ததுதான் வேண்டும். அது எப்படித் தெரியும் என்கிறீர்களா? அடிக்குமிழில் அவருடைய எண் எழுதியிருக்கும். பிடிக்கு மேலே வழுக்காமலிருக்கத் தடவிய பைன் தார் கறுப்பாக ஒட்டியிருக்கும். பந்தின் தையல் பதிந்த தழும்புகூடத் தெரியும். 2001 முதல் பெரிய லீக் ஆட்டங்களில் எண்ணிட்ட பளபள வில்லை ஒட்டுகிறார்கள். அதற்கு முந்தியதென்றால், லூயிவில் நகரத் தொழிற்சாலை யார் யாருக்கு எந்த நீளத்தில், எந்த எடையில் அனுப்பியது என்று எழுதி வைத்த கணக்குதான் துணை. அந்தக் கட்டடத்தின் வாசலில் 120 அடி உயர இரும்பு மட்டை ஒன்று சாய்ந்து நிற்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்!

பேப் ரூத் 1923ல் யாங்கி மைதானத்தில் முதல் ஹோம் ரன் அடித்த மட்டை, 2004 ஏலத்தில் பன்னிரண்டரை லட்சம் டாலரைத் தாண்டிப் போயிற்று. நம்முடையதெல்லாம் சில நூறு டாலர்தான். ஆனாலும் அந்தத் தாரைக் கண்டால் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். தேய்த்தால் மதிப்பு போச்சு! உலர்ந்த துணியால் தூசி தட்டலாம், அவ்வளவே. நிலவறை ஈரமும் ஆகாது, ஹீட்டர் சூடும் ஆகாது.

ஏழாவது மட்டை வந்த கதையைச் சொல்ல வேண்டும். 1970களில் மூன்றே வருஷம் பெரிய லீக்கில் ஆடிய பெரியவர் அவர். 1980க்கு முன் நாலு வருஷம் நிறையாமல் போனவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. 2011ல் ஏதோ ஒரு சிறு தொகைக்கு ஏற்பாடு செய்தார்கள். அந்த ஏற்பாட்டிலும், அவர் போய்விட்டால் மனைவிக்குப் பைசா வராது. மட்டையை விற்கச் சொன்னதே அந்த அம்மாள்தான். அவரோ அதைக் கையை விட்டு இறக்கவே இல்லை.

எண்ணூறு டாலர் கேட்டார்கள். என்னவர் அறுநூறில் ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, இதிலே பேரம் வேண்டாம். செக்கை அந்த அம்மா பேருக்கே எழுதுங்க" என்று தமிழிலேயே சொன்னேன். என்னை ஒரு முறை முறைத்தார். ஆனால் எழுதிவிட்டார்.

செக்கைப் பார்த்த பெரியவர் ஒன்றும் பேசவில்லை. எந்த வருஷம், எந்த ஊரில் அதைக் கொண்டு ஆடினார் என்று ஒரு தாளில் தன் கையால் எழுதி, ஒப்பமிட்டுக் கொடுத்தார். அந்தத் தாளை நகைச் சீட்டுகளோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.